பழைய பைக்கைக் கொடுத்துப் புதுசு எடுக்க வேலூருக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு

அப்பாவின் ஸ்ப்ளெண்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க நான் வேலூருக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை காலையில் எடுத்துப் போன வண்டியிலேயே சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் "என்னப்பா, வேலை ஆவலையா?" என்று கேட்டார்கள். ஆகவில்லைதான். ஆனால் அன்றைக்குத் திரும்பி வந்ததால்தான் இரண்டாவது முறை ஐந்தாயிரம் ரூபாய் கூடக் கிடைத்தது, காகிதமும் ஒழுங்காகக் கைக்கு வந்தது. அதனால் தனியாகப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இது: எடுத்துப் போகும் வண்டியிலேயே திரும்பி வரவும் தயாராகக் கிளம்புங்கள். பெட்ரோல், டயர், நேரம், மனசு எல்லாம் அதற்கு ஏற்றபடி இருக்கட்டும். கூடப் பேச ஆள் இல்லாதவருக்கு ஷோரூமில் இருக்கிற பலம் அது ஒன்றுதான்.

எங்கள் ஊர் போளூர் பக்கம். போளூரிலும் திருவண்ணாமலையிலும் ஷோரூம் இல்லாமல் இல்லை. ஆனாலும் வேலூர் போகச் சொல்வேன். நாலைந்து கம்பெனி ஷோரூம்களும், பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகளும் ஒரே ஊரில் இருப்பதால் ஒரே நாளில் மூன்று இடத்தில் விலை கேட்டுவிடலாம். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்தே எங்கள் ஆட்களுக்குப் பெரிய வேலை எது என்றாலும் வேலூர்தான். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. நம்பர் பிளேட்டில் வேலூருக்கு 23, எங்களுக்கு 25, ராணிப்பேட்டைக்கு 73 என்று ஆகிவிட்டது. பஸ் ஏறினால் இன்றைக்கும் வேலூரில்தான் இறங்குகிறோம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு

ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். பல வீடுகளில் அதை வண்டி வாங்கிய நாளில் பார்த்ததோடு சரி.

முதலில் பெயர். கிராமத்தில் பாதி வண்டிகள் அப்பா பெயரிலோ, கல்யாணம் ஆகிப் போன அக்கா பெயரிலோ, வெளிநாட்டில் இருக்கும் தம்பி பெயரிலோ இருக்கும். பெயருக்குரியவர் உயிரோடு இருந்து கையெழுத்துப் போட வரமுடியும் என்றால் சிக்கல் இல்லை. அவரையும் அழைத்துப் போங்கள், அல்லது முன்கூட்டியே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவர் இறந்திருந்தால், நீங்கள் ஷோரூம் வாசலில் போய் நிற்பதில் அர்த்தமே இல்லை. வண்டிக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் வாரிசு மூன்று மாதம் வரை ஓட்டலாம், அதற்குள் படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், நடப்பில் இருக்கும் இன்சூரன்ஸ் எல்லாம் கேட்பார்கள். நாங்கள் அப்பா போன துக்கத்தில் வண்டியை நினைக்கவே இல்லை. நாள் தாண்டிவிட்டது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று நடந்து, அபராதமும் கட்டி, பிறகுதான் வண்டி என் பெயருக்கு வந்தது. நாள் தாண்டிவிட்டதே என்று பயந்து விட்டுவிடாதீர்கள். தாமதமாகவும் செய்யலாம், செய்துதான் ஆக வேண்டும்.

அடுத்தது தேதி. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் பார்வைக்கு நிறுத்த வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் அதை 2,000 ஆக்கினார்கள். பழைய வண்டிக்குக் கட்டும் பசுமை வரி தனி. "கொடுக்கப் போகிற வண்டிக்கு எதற்கு இந்தச் செலவு?" என்று பலர் கேட்கிறார்கள். பதிவு முடிந்த வண்டிக்குப் பெரும்பாலும் காயலான் கடை விலைதான் சொல்வார்கள். அதோடு, பதிவு முடிந்த வண்டியை ஹைவேயில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் போவதே சட்டப்படி குற்றம். எங்கள் வண்டி 2009 மாடல். 2024-இல் புதுப்பித்தேன். அதற்கான செலவு விலையில் எனக்குத் திரும்பி வந்தது.

மூன்றாவது, ஆர்.சி.யில் எங்கேயாவது பேங்க் அல்லது ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் பத்து வருடம் முன்பே முடிந்திருந்தாலும், அவர்களிடம் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து, அந்தப் பெயரை எடுக்காதவரை வண்டியை விற்க முடியாது. இதைத்தான் பலர் ஷோரூம் கவுன்ட்டரில் நிற்கும்போது கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னும் சின்னச் சின்ன வேலைகள் உண்டு. போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண் போட்டு இ-சலான் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக் கட்டிவிடுங்கள். அதே தளத்தில் உங்கள் இப்போதைய செல்போன் எண் பதிவாகியிருக்கட்டும். பெயர் மாற்றத்துக்கு ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும், பழைய எண் யார் கையில் இருக்கிறதோ தெரியாது. புகைச் சான்று, பி.எஸ்.-4 என்ற புகை விதிக்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம்தான் செல்லும். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறையே 2,000 ரூபாய் அபராதம். ஹெல்மெட் இல்லை என்றால் 1,000. எல்லாவற்றையும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றிக்கொள்ளலாம், போலீஸ் சோதனைக்கு அது போதும். ஆனால் ஷோரூமுக்கு அசல் வேண்டும்.

வண்டிக்கு எவ்வளவு செலவு செய்யலாம்

உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணா, இதை நீங்களே வாங்குவதாக இருந்தால் என்ன கொடுப்பீர்கள்?" அவர் சொல்லும் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் தரை. அதற்குக் கீழே எந்த ஷோரூமிலும் இறங்க வேண்டாம்.

பெயின்ட் அடிக்காதீர்கள். புது சீட் கவர், புது ஸ்டிக்கர், புது டயர் எதுவும் வேண்டாம். ஐயாயிரம் செலவு செய்தால் ஆயிரம்கூட விலையில் ஏறாது. புதுப் பெயின்ட்டைப் பார்த்தால் மதிப்புப் போடுகிறவருக்கு எங்கேயோ விழுந்து எழுந்த வண்டி என்ற சந்தேகமும் வரும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், செல்ஃப் ஸ்டார்ட் ஆகிய நான்கும் வேலை செய்யட்டும். இவை சின்னக் காசு, ஆனால் "இது ஓடலையே, அது ஓடலையே" என்று ஐநூறு ஐநூறாகக் குறைப்பதற்கு இவைதான் சாக்கு.

சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட துணியால் துடைத்து, படிக்கிற மாதிரி வையுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் சேசிஸ் நம்பர் பொறித்திருக்கும். அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுப்பார்கள். எங்கள் வண்டியில் பதினைந்து வருடத்து கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து இரண்டு எழுத்து தெரியவே இல்லை. வீட்டிலேயே பார்த்ததால் தப்பித்தேன். ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பாருங்கள்.

பயணத்துக்கு என்று பார்க்க வேண்டியவை வேறு. கிளட்ச் கேபிளைக் கைப்பிடிப் பக்கம் பிரித்துப் பாருங்கள். ஒரு நரம்பு அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள், பாதி வழியில் அறுந்தால் தனி ஆளாகத் தள்ள வேண்டியிருக்கும். செயினை நடுவில் விரலால் தூக்கினால் ஓர் அங்குலம் ஆடலாம், அதற்கு மேல் ஆடினால் டைட் வையுங்கள். காற்று அளவு செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கர் போயிருந்தால், நூறு சிசி வண்டிக்குத் தனியாள் போக முன்னால் 25, பின்னால் 28 வைக்கலாம். ஸ்போக் வீல் வண்டி என்றால் பின் டயருக்கு ஒரு ட்யூப் வாங்கி சீட்டுக்குக் கீழேயோ பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடை வழியெல்லாம் உண்டு, ஆனால் பழைய ட்யூப் காற்றடிக்கும் மவுத்தோடு பிய்ந்தால் ஒட்ட முடியாது.

பெட்ரோலைப் பற்றி ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது: "கொடுக்கப் போற வண்டிக்கு எதுக்குப் பெட்ரோல்" என்று ரிசர்வில் ஓட்டிப் போவார்கள். போய்ச் சேர்ந்ததும் வண்டி அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிட்ட மாதிரி ஆகிவிடும். போகவர இரண்டு லிட்டர் போதும். போட்டுக்கொள்ளுங்கள்.

வழி

போளூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். திருவண்ணாமலையிலிருந்து வருகிற தேசிய நெடுஞ்சாலை 38 அது. சந்தவாசல், கண்ணமங்கலம், கணியம்பாடி, அடுக்கம்பாறை, பாகாயம் என்று வரிசையாக ஊர்கள். ஐந்தரை மணிக்குக் கிளம்பினால், இடது பக்கம் ஜவ்வாது மலை வெளுக்க ஆரம்பிக்கும்போது சந்தவாசலைத் தாண்டியிருப்பீர்கள். நாற்பத்தைந்து, ஐம்பது வேகம் போதும். பழைய வண்டியை அன்றைக்கு ஒரு நாள் விரட்டி ஓட்டி என்ஜினைச் சூடாக்க வேண்டாம்.

சந்தவாசலில் படவேடு ரேணுகாம்பாள் கோவிலுக்குத் திரும்புகிற வண்டிகள் அதிகம். ஆடி மாதம் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமே கூட்டம் தாங்காது, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். கண்ணமங்கலத்தில் ஆரணி சாலை வந்து சேரும், அங்கே வேகம் குறையுங்கள். நான் அங்கேதான் டீ குடிப்பேன், வண்டிக்கும் பத்து நிமிடம் ஓய்வு. வல்லம் சுங்கச்சாவடியில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரமாகப் போய்விடலாம். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையிலேயே சாப்பாட்டுத் தூக்கோடு சாலையைக் கடக்கிறவர்கள் நிறைய, அவர்கள் நம் ஹாரனைக் கவனிக்கிற நிலையில் இருக்க மாட்டார்கள். முப்பதில் போங்கள்.

பாகாயம் தாண்டியதும் தொரப்பாடி, வேலப்பாடி வழியாக ஊருக்குள் நுழையலாம். சி.எம்.சி. மருத்துவமனை முன்னால் போகாதீர்கள். ஆட்டோ, ஆம்புலன்ஸ், வெளிமாநிலத்து நோயாளிகள் என்று காலை எட்டு மணிக்கே அந்தச் சாலை நிறைந்துவிடும். கோட்டையைச் சுற்றிக்கொண்டு காட்பாடி சாலைப் பக்கம் போவது நல்லது. ஷோரூம்கள் திறக்க ஒன்பதரை, பத்து ஆகும். கோட்டை அகழி ஓரம் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு இட்லி சாப்பிட நேரம் இருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியோடு பேரம் பேசினால் சீக்கிரம் ஒத்துக்கொள்ளத் தோன்றும்.

ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்தோ ஆற்காடு, வாலாஜாவிலிருந்தோ வருகிறவர்களுக்கு நெடுஞ்சாலை 48. சென்னை–பெங்களூரு லாரிகள் எல்லாம் அதில்தான். அங்கே பழைய நூறு சிசி வண்டி இடது ஓரத்தைவிட்டு அசையக் கூடாது. சர்வீஸ் ரோடு இருக்கும் இடமெல்லாம் அதில் இறங்கிவிடுங்கள். சாலை நடுத் தடுப்பை உடைத்து வைத்திருக்கும் இடைவெளிகளில் திரும்பவே திரும்பாதீர்கள், கொஞ்சம் தூரம் போனாலும் பாலத்தடியில் திரும்புங்கள்.

சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். அந்த மாதங்களில் பதினொன்றிலிருந்து நான்கு வரை சாலையில் இருக்காதபடி திட்டமிடுங்கள். கைபேசியில் லொகேஷனை வீட்டில் ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். தனியாக வரும் பெண்களுக்கும் இதே சாலை, இதே நேரம்தான் சொல்வேன். இருட்டும் முன் திரும்பிவிடுகிற கணக்கு மட்டும் தவறக் கூடாது.

ஷோரூமில்

எந்த நாள் போவது என்பதும் முக்கியம். முகூர்த்த நாள், ஆயுத பூஜை, தீபாவளிக்கு முந்தைய வாரம் எல்லாம் கூட்டம். உங்களோடு பேச அவர்களுக்கு நேரம் இருக்காது, விலையும் இறங்காது. அஷ்டமி, நவமி, செவ்வாய்க்கிழமை, ஆடி மாதம் என்று மற்றவர்கள் தயங்கும் நாளில் போய் விலை பேசிவிட்டு, வண்டியை நல்ல நாளில் எடுத்துக்கொள்ளலாம். மாதக் கடைசியும் நல்ல நேரம், விற்பனைக் கணக்கு முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இருக்கும்.

உள்ளே போனதும் எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லாதீர்கள். முதலில் புது வண்டியின் ஆன்-ரோடு விலையைக் கேளுங்கள். ஒவ்வொரு வரியாக எழுதி, சீல் வைத்த கொட்டேஷனாக வாங்குங்கள். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் எது அதிகம் என்று தெரியும். ஷோரூம் விலையிலேயே ஜி.எஸ்.டி. அடக்கம். 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு அது 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18. (புது வண்டி விலை குறைந்ததைக் காட்டிப் பழைய வண்டிக்கும் விலை குறைப்பார்கள். அது ஓரளவு நியாயம்தான்.) அடுத்தது ஆயுள் வரி: தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரை விலையுள்ள புது வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. பிறகு பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ். 2018 செப்டம்பரிலிருந்து புது இரு சக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியாக வேண்டும். இங்கே சொன்னவை வரைக்கும்தான் கட்டாயம். கூடுதல் வாரன்டி, கோட்டிங், கிராஷ் கார்டு, சீட் கவர், 'ஹேண்ட்லிங்' என்று வருவதை எல்லாம் விரல் வைத்துக் கேளுங்கள்: "இது கட்டாயமா, என் விருப்பமா?" இன்சூரன்ஸை வெளியில் எடுத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு பழைய வண்டியைப் பற்றிப் பேசுங்கள். இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கணக்கு சொல்கிறேன். ஓர் இடத்தில் உங்கள் வண்டிக்கு 20,000 என்கிறார்கள், புது வண்டி ஆன்-ரோடு 1,02,000. இன்னோர் இடத்தில் 16,000 என்கிறார்கள், ஆனால் அதே புது வண்டி 96,000. முதல் இடத்தில் கையிலிருந்து 82,000, இரண்டாவது இடத்தில் 80,000. பழைய வண்டிக்கு அதிகம் தருகிறார்கள் என்ற சந்தோஷத்தில் இரண்டாயிரம் போய்விடும். கடைசியில் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்ற ஒரே எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' என்று தனியாகச் சொன்னால் அதையும் வண்டி விலையில் சேர்க்கச் சொல்லாமல் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

மதிப்புப் போடுகிறவர் பெரும்பாலும் ஷோரூம் ஆள் இல்லை, பழைய வண்டி வியாபாரியின் ஆள். வந்ததும் என்ஜினைத் தொட்டுப் பார்ப்பார், சூடாக இருந்தால் ஆறட்டும் என்பார். ஆறிய என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, முதல் புகை நீலமாக வருகிறதா, கை விட்டால் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறதா, முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா என்று பார்ப்பார். கூடவே நில்லுங்கள். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். ஆயில் குடிக்கிற வண்டியைக் குடிக்கவில்லை என்று சொல்லி நிரூபிக்க முடியாது, சொன்ன பிறகு நீங்கள் சொல்லும் நல்லதும் எடுபடாது. "எவ்ளோ எதிர்பாக்கறீங்கண்ணா?" என்று கேட்பார். "நீங்க பாத்துச் சொல்லுங்க தம்பி, இன்னும் ரெண்டு எடத்துல காட்டணும்" என்பதுதான் பதில். முதல் எண் அவர் வாயிலிருந்து வரட்டும்.

என்னிடம் முதல் நாள் பதினான்காயிரம் சொன்னார்கள். "இன்னிக்கு மட்டும்தான் இந்த ரேட்டு, போய்ட்டு வந்தா கெடைக்காது" என்றும் சொன்னார்கள். மெக்கானிக் அண்ணன் சொன்ன தரை பதினைந்து. நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, இன்னும் இரண்டு இடம் பார்த்து, அங்கேயும் ஒத்துவராமல் கிளம்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர்களே போன் செய்து பதினேழு என்றார்கள். பிறகு நேரில் போய் பத்தொன்பதில் முடிந்தது. தனியாக இருக்கும்போது "வீட்ல ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேன்" என்ற வாக்கியம் ரொம்ப உதவும். வெளியே வந்து நிஜமாகவே வீட்டுக்குப் போன் போடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தலை தெளியும்.

அட்வான்ஸ் கட்டினால் கம்பெனி கணக்குக்கு மட்டும், ரசீதோடு. விற்பனைப் பையனின் சொந்த நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

வண்டியைக் கொடுக்கும் நாள்

பேசி முடித்த அன்றே பழைய வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். புது வண்டிக்குப் பதிவு எண்ணும் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் வரச் சில நாள் ஆகும். அதுவரை உங்கள் வண்டி உங்களிடமே இருக்கட்டும். புதுசு தயார் என்று போன் வந்த பிறகு, பழையதை ஓட்டிப் போய்க் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்து வாருங்கள். பஸ் செலவும் மிச்சம், கையில் பிடிமானமும் இருக்கும்.

இந்த இடத்தில் நான் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்ப்ளெண்டருக்கு முன்னால் எங்களிடம் வேறொரு வண்டி இருந்தது. அதை ஒரு பழைய வண்டிக் கடையில் கொடுத்தபோது, பெயர் மாற்றத்துக்கான, எழுதாத படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு "நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். மூன்று வருடம் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு. ஆற்றில் மணல் எடுத்தபோது பிடித்த வண்டி, ஆர்.சி.யில் என் பெயர். வண்டி கைமாறிக் கைமாறி யாரிடமோ போயிருந்தது, ஒருவரும் பெயரை மாற்றவில்லை. விற்றதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அந்தச் சில மாதங்களில் அப்பாவும் நானும் அலைந்ததை எழுத மனம் வரவில்லை. விபத்தாக இருந்திருந்தால் இன்னும் மோசம். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான்.

ஆகவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். படிவம் 29 விற்றவர் கொடுக்கும் அறிவிப்பு, படிவம் 30 வாங்குபவரின் விண்ணப்பம். இரண்டிலும் வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எழுதிய பிறகு கையெழுத்து. விற்ற 14 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டியது விற்றவரின் கடமை, அதனால் படிவம் 29-இன் ஒரு பிரதியை நீங்களே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெறலாம். அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்தால், படிவம் 29சி மூலம் இருவரும் பரிவாகன் தளத்தில் பதிய வேண்டும். பதிந்த பிறகு அந்த வண்டிக்கும் அதனால் நடப்பதற்கும் பொறுப்பு அவருடையது. "உங்களிடம் அங்கீகாரச் சான்று இருக்கா, 29சி போட்டுத் தருவீங்களா?" என்று முதலிலேயே கேளுங்கள். ஆம் என்கிறவர் ஐநூறு குறைத்துக் கொடுத்தாலும் அவரிடமே கொடுப்பேன்.

எதுவானாலும் ஒரு டெலிவரி நோட் வேண்டும். வண்டி எண், என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், கிலோமீட்டர், தேதி, எத்தனை மணி எத்தனை நிமிடம், வாங்கிக்கொண்டவர் பெயர், கையெழுத்து, கடை சீல். மணி எழுதுவதை அற்பமாக நினைக்காதீர்கள். அன்று மாலையே சிக்னலில் கேமரா எடுத்த அபராதம் யாருடையது என்று அதுதான் சொல்லும். ஆதார் நகல் கொடுத்தால் அதன் குறுக்கே "இன்ன எண் வண்டி விற்பனைக்காக மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஒடோமீட்டரோடு சேர்த்து வண்டியை நாலு பக்கமும் படம் எடுங்கள்.

இன்சூரன்ஸில் சொந்தச் சேதமும் சேர்த்து எடுத்து, க்ளெய்ம் இல்லாமல் இருந்தீர்களானால், 20-லிருந்து 50 சதவீதம் வரை சலுகை சேர்ந்திருக்கும். அது வண்டிக்கு உரியது கிடையாது, உங்களுக்கு உரியது. கம்பெனியில் கடிதம் வாங்கிப் புது வண்டி பாலிசியில் கழித்துக்கொள்ளலாம், மூன்று வருடம் வரை செல்லும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவர்களுக்கு இது இல்லை.

கடைசியாக சீட்டைத் தூக்கிப் பாருங்கள், சைடு பாக்ஸைத் திறந்து பாருங்கள். எங்கள் வண்டியில் டூல் கிட்டுக்கு அடியில் அப்பா மடித்து வைத்த பால் சொசைட்டிச் சீட்டும், 2011-ஆம் வருட ஆயில் பில்லும் இருந்தன. இரண்டாவது சாவியைக் கொடுக்கும் முன் அவருடைய முருகன் டாலர் போட்ட வளையத்தைக் கழற்றிப் புது வண்டிச் சாவியில் போட்டுக்கொண்டேன். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

புது வண்டியில் திரும்பும்போது கண்ணமங்கலத்தில் நிறுத்தி நட்டு போல்ட்டு, செயின், ஆயில் கசிவு ஒரு பார்வை பாருங்கள். முதல் ஐநூறு கிலோமீட்டர் முறுக்கக் கூடாது, அதனால் போன வேகத்திலேயே வரலாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து எம்பரிவாகன் செயலியில் பழைய வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரின் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும், ஆனாலும் உங்கள் பெயரா இல்லையா என்று தெரியும். மாறவில்லை என்றால் டெலிவரி நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போன் செய்யுங்கள், வாரம் ஒரு முறை செய்யுங்கள். எனக்கு மூன்றாவது வாரம் மாறியது. அந்தத் திரையைப் படம் எடுத்து, டெலிவரி நோட், ஒப்புதல் வாங்கிய படிவம் 29 இரண்டோடும் அச்செடுத்துச் சேர்த்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.